பொக்கற் இல்லாத சேட்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் மரியகொறற்றியைத் தெரியாதவர்கள் இருக்கலாம். ஆனால் அவள் தைத்த சட்டையை ஒருமுறையாவது போடாத பெண்பிள்ளை அவளுடைய ஒழுங்கைத் தெருவில் இருந்திருக்குமா என்பது சந்தேகம்தான். நவம்பர் பிறந்தால் போதும், கிறிஸ்மஸ் வரைக்கும் அவளுடைய தையல் மெஷினுக்கு ஓய்வு ஒழிச்சல் கிடையாது. “கொறற்றி அக்கா, என்ட பிள்ளையின்ட சட்டை என்ன மாதிரி?” என்று ஆள்மாறி ஆள் வாசலில் வந்து நிற்பார்கள். எல்லோருக்கும் தைத்துக் கொடுத்துவிட்டு, மிஞ்சுகிற நேரத்தில் மிஞ்சுகிற துணியை வைத்துத்தான் தன் வீட்டு ஆட்களுக்குத் தைப்பாள். தையல்காரி வீட்டுக் கதை எங்கும் இதுதான்.

தொண்ணூற்றாறாம் வருட நத்தாருக்கும் அப்படித்தான் ஆயிற்று. புருஷன் சூசைதாசனுக்குச் சேட்டும், நாலு வயது மகள் டிலானிக்குச் சட்டையும் ஒரே இளநீலத் துணியில் வெட்டினாள். சட்டைக்கு மூன்று அடுக்குச் சுருக்கு வேண்டுமென்று டிலானி ஒற்றைக்காலில் நின்றாள். சுருக்கு வைத்தாயிற்று. சேட்டுக்குப் பொக்கற் வெட்டத் துணி இல்லை.

“பொக்கற் இல்லாத சேட்டை நான் என்னெண்டு போடுறது?” என்றான் சூசைதாசன்.

“நத்தார் அண்டைக்கு ஆர் உங்கட நெஞ்சைப் பார்க்கப் போகினம்? பேசாமல் போடுங்கோ.”

சொல்லிவிட்டாள். சொன்னவளுக்குத் தெரியாததா, அந்தப் பொக்கற்றுக்குள் என்ன இருக்கும் என்று! சூசைதாசன் எண்பத்தாறில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவன். கடதாசிக் கடை ஒன்றில் ஸ்டோர்ஸ் பார்க்கிறான். வந்த புதிதில் ஒருமுறை பஸ் நெரிசலில் எவனோ காற்சட்டைப் பொக்கற்றைத் தடவி, பேர்சோடு அடையாள அட்டையையும் கொண்டுபோய்விட்டான். புது அட்டை எடுக்கும்வரை மூன்று மாதம் வீட்டுக்கும் கடைக்குமாக அவன் பட்ட பாடு சொல்லி முடியாது. அன்றிலிருந்து அட்டையும் பொலிஸ் பதிவுத் துண்டும் ஒரு பிளாஸ்ரிக் உறையில், சேட்டுப் பொக்கற்றில், நெஞ்சோடு இருக்கும். அந்த வருட ஜனவரியில் கோட்டையில் குண்டு வெடித்து, யாழ்ப்பாணத்து ஆள் என்றாலே சந்தேகம் என்று ஆன பிறகு கேட்கவே வேண்டாம். உறை பொக்கற்றில் இருந்தால் ஆள் பின்னேரம் வீட்டுக்கு வருவான். இல்லாவிட்டால் எப்போது வருவான் என்று சொல்ல எவராலும் முடியாது. பக்கத்து வீட்டு நோபேட் அட்டையை மறந்து சந்திக்குச் சிகரெட் வாங்கப் போனவன். பிடித்துக்கொண்டு போனார்கள், மூன்று மாதம் கழித்துத்தான் வந்தான். வந்தவன் அறைக்கதவைச் சாத்தவே விடுவதில்லை.

அதனால் அவர்கள் வீட்டில் ஒரு பழக்கம் இருந்தது. யார் வெளியே போனாலும் கொறற்றி வாசலில் நின்று, “ஐசி இருக்கோ?” என்று அடையாள அட்டையைக் கேட்பாள். சூசைதாசன் நெஞ்சில் தட்டிக் காட்டுவான். கடைக்குட்டி டிலானிகூடத் தன் நெஞ்சைத் தட்டிவிட்டுத்தான் நேர்சரிக்குப் போவாள்.

இன்னொரு பழக்கம் கொறற்றியின் தாய் வீட்டிலிருந்து வந்தது. நத்தார் அன்று எல்லோரும் புதுசு உடுத்ததும், ஆளுக்கொரு பழைய உடுப்பு யாருக்காவது போய்ச்சேர வேண்டும். அதுவும் கிழிந்தது, சாயம் போனது எல்லாம் சரிவராது. நேற்றுவரை ஆசையாகப் போட்டதாக இருக்கவேண்டும். “கிழிஞ்சதைக் குடுக்கிறது எண்டால் குப்பை வண்டிக்காரனிட்டையே குடுக்கலாமே,” என்பாள். கொடுக்கிற விஷயத்தில் அவளுக்கு ஒரு திமிர் உண்டு, அதை நானும் மறைக்கவில்லை.

வாங்குகிறவர் ராமையா. மலையகத்திலிருந்து வந்து மட்டக்குளியில் குடியிருப்பவர். தள்ளுவண்டியில் மரக்கறி கொண்டுவந்து ஒழுங்கை ஒழுங்கையாக விற்பார். பாலன் குடிலுக்கு வைக்கோல் கொண்டுவந்து கொடுப்பது வருடா வருடம் அவர்தான். சந்தையில் தக்காளிப் பெட்டிகளுக்குள் வருகிற வைக்கோல். நத்தார் காலையில் வந்து, தன் வைக்கோலில் பாலன் படுத்திருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு, கேக்கும் உடுப்புப் பொதியும் வாங்கிக்கொண்டு போவார்.

அன்று விடிய எழும்பிய சூசைதாசன் பாண் வாங்கச் சந்திப் பேக்கரிக்குப் போனான். புதுச்சேட் பூசைக்கு அல்லவா? அதனால், கொடுப்பதற்கென்று தோய்த்து அயன் பண்ணிக் கதிரையில் வைத்திருந்த கட்டம்போட்ட சேட்டைப் போட்டுக்கொண்டு போனான். உறையும் பொக்கற்றுக்குள் போயிற்று. திரும்பி வந்து சேட்டைக் கழற்றி, எடுத்த இடத்திலேயே, எடுத்த மாதிரியே மடித்து வைத்தான். அவனுடைய ஒழுங்குதான் அன்று கேடாக முடிந்தது. சுருட்டி எறிகிற ஆளாக இருந்திருந்தால் கொறற்றி எடுத்து உதறியிருப்பாள்.

ஒழுங்கைக்குள்ளேயே இருக்கிற கோயிலுக்குப் போக ஐசி கேட்பதில்லை; காலைப் பூசை முடிந்து வந்து, பாலனுக்கு முத்தம் கொடுத்து, பிள்ளைகள் பலூன் ஊதி வெடித்து அடங்க, ஒன்பது மணிக்கு ராமையா வந்தார். கொறற்றி கதிரையிலிருந்த அடுக்கை அப்படியே கடதாசியில் சுற்றிக் கொடுத்தாள்.

பதினொரு மணிக்கு நாலு பேரும் வெளிக்கிட்டார்கள். ஏழு வயது மகன் றொஷானுக்கும் டிலானிக்கும் வருடத்தில் ஒருநாள் பயணம் அது. முதலில் வெள்ளவத்தை, கடை முதலாளி நமசிவாயத்தார் வீட்டில் கேக் கொடுத்து, அவர்கள் போடுகிற மரக்கறிச் சாப்பாட்டை முகம் சுளிக்காமல் சாப்பிடவேண்டும். அந்தத் தண்டனைக்குப் பரிசாகப் பின்னேரம் காலிமுகத்திடலில் காற்றாடி, ஐஸ்கிறீம், குதிரைச் சவாரி. கொறற்றி வாசலில் நின்றாள். றொஷான் கேக் பெட்டியைச் சரித்துப் பிடித்திருந்தான்.

“கேக் கவனம்!” என்றாள்.

ஐசி என்று கேட்கவில்லை. டிலானியைத் தூக்கி நெஞ்சோடு வைத்திருந்த சூசைதாசன் நெஞ்சில் தட்டவும் இல்லை.

காலிமுகத்திடல் கழிந்து கொஞ்சத் தூரத்தில், சோதனைத் தடையில், பொலிஸார் பஸ்ஸை மறித்தார்கள். எல்லோரும் இறங்கி, மண்மூட்டைகளுக்கு நடுவே வரிசையாக நடந்து, மறுபக்கம் போய் ஏறவேண்டும். வழக்கமான காரியம்தான். கொறற்றி தன் அட்டையைக் காட்டிவிட்டு றொஷானோடு அப்பால் போனாள். திரும்பிப் பார்த்தாள். சூசைதாசன் டிலானியை இறக்கிவிட்டு, இளநீலச் சேட்டின் நெஞ்சைத் தடவிக்கொண்டு நின்றான். பிறகு காற்சட்டைப் பொக்கற். பிறகு மறுபடி நெஞ்சு.

கொறற்றி றொஷானை இழுத்துக்கொண்டு திரும்பினாள்.

ஓடி வந்தாள். “என்ன? எங்கை?”

“காலமை பாண் வாங்கப் போகேக்கை போட்ட சேட்டுக்குள்ளை. கதிரையிலை மடிச்சு வைச்சனான். வீட்டிலைதான் கிடக்கு, பயப்பிடாதையும்.”

வீட்டில் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். கடதாசியில் சுற்றி, நூல் கட்டி, “நல்ல நத்தார்” என்று சிரித்துக்கொண்டு தன் கையாலேயே கொடுத்தவள் அவள். அந்தச் சேட் இப்போது ராமையாவின் உடம்பில் இருக்கும். பொக்கற்றில் யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒருவனின் அட்டையோடு ராமையா எந்தத் தடையில் நிற்கிறாரோ!

வாயைத் திறந்து உண்மையைச் சொல்லவும் முடியாது. அட்டை வேறொருவரிடம் போய்விட்டது என்று சொன்னால், ஏன் போனது, எதற்குப் போனது, வாங்கினவன் யார் என்று தொடங்குவார்கள். கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவள். சிங்களம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. தடைக்குப் பொறுப்பான சார்ஜன்ட் முன்னால் போய் நின்று, அட்டை வீட்டில் இருக்கிறது, எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று பணிவாகச் சொன்னாள்.

அவர் நரை விழுந்த மனிதர். கத்தவில்லை. “ரெண்டு மணிக்கு லொறி வரும். அதற்குள் கொண்டுவந்தால் பார்க்கலாம். இல்லையென்றால் ஸ்டேஷனில் வந்து கதையுங்கள்,” என்றார்.

பக்கத்தில் கிடந்த வாங்குப் பலகையில், ஏற்கனவே பிடித்து வைத்த நாலு பேர் குந்தியிருந்தார்கள். ஒருவன் கையில் நத்தார்ப் பரிசுப் பொதி. யாரும் யாரையும் பார்க்கவில்லை.

“ரெண்டு பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு போம்,” என்றான் சூசைதாசன். “கெதியா.”

கொறற்றி வாங்கைப் பார்த்தாள். தனி ஆண்கள். இவர்களை லொறியில் ஏற்ற ஒரு நிமிடம் போதும். ஆனால் சுருக்கு வைத்த நீலச்சட்டையோடு ஒரு சின்னப்பிள்ளை ஒருவனின் கையில் தொங்கிக்கொண்டிருந்தால்? அவள் அதை முழுவதும் நினைக்கவில்லை. பாதி நினைத்ததே அவளுக்குப் போதுமாக இருந்தது.

“றொஷான் என்னோட வரட்டும். டிலானி உங்களோட நிக்கட்டும்.”

“விசரே உமக்கு? இந்த வெய்யிலுக்கை, துவக்குத் தூக்கினவங்களுக்கு நடுவிலை...”

கொறற்றி அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் பாதியில் நிறுத்தினான். லொறி வருகிற பக்கத்தைப் பார்த்தான், மகளைப் பார்த்தான். அவனுக்கும் விளங்கிவிட்டது. விளங்கியதும் அவன் முகம் செத்துப்போயிற்று. ஆனாலும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

கொறற்றி றோட்டிலேயே முழங்காலிட்டு டிலானியின் கன்னத்தைப் பிடித்தாள்.

“குஞ்சு, அம்மா ஓடிப்போய் ஓடி வாறன். நீங்கள் அப்பான்ட கையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கவேணும். ஆர் சொன்னாலும் விடக்கூடாது. அம்மா வந்து விடச் சொல்லுமட்டும் விடக்கூடாது. சரியோ?”

“ரெண்டு கையாலயுமோ?”

“ஓம். ரெண்டு கையாலயும்.”

பிள்ளை அப்பாவின் பெருவிரலையும் சுட்டுவிரலையும் விரலுக்கொரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பெரிய உத்தியோகம் கிடைத்த மாதிரி நிமிர்ந்து நின்றது. கொறற்றி திரும்பிப் பார்க்காமல் ஓடினாள். பார்த்தால் போகமாட்டாள் என்று அவளுக்குத் தெரியும்.

கிடைத்த திரீவீலர் ஆட்டோவின் சாரதி ஸவாஹிர் என்ற நடுவயதுக்காரர். மட்டக்குளிக்கு என்றதும் தலையாட்டினார். ஏறி இருந்து இரண்டு நிமிடத்தில் கொறற்றி எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். முன்பின் தெரியாத ஆள்தான். அடக்கி வைத்திருந்தால் நெஞ்சு வெடித்திருக்கும்.

“ரெண்டு மணியா?” என்றார் ஸவாஹிர். “இப்ப பன்னெண்டேகால். நீங்க நல்லாப் புடிச்சிட்டு இருங்க.”

வழியில் இரண்டு இடத்தில் மறித்தார்கள். ஒவ்வொரு முறையும் ஆசனத்தைத் தூக்கிப் பார்த்தார்கள், கேக் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். றொஷான் பெட்டியைத் திறந்து திறந்து மூடினான். மூன்றாம் முறை, யாரும் கேட்காமலேயே, ஒரு சந்தியில் வண்டி நிற்கத் தானாகத் திறந்து காட்டினான். கொறற்றிக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டாள்.

“அம்மா, தங்கச்சி அழுவாளோ?”

“அழமாட்டாள்.”

“அவளுக்குச் சூசூ வந்தால்?”

“வாயை மூடிக்கொண்டு இரு!” என்று பிள்ளைமேல் விழுந்தாள். அவன் வாயை மூடிக்கொண்டான்.

மட்டக்குளியில் ராமையாவின் வீட்டைக் கண்டுபிடிக்கக் கால்மணித்தியாலம் போயிற்று. நெருக்கிக் கட்டிய வீடுகள், எல்லாக் கதவும் ஒன்றுபோல. ஒருவழியாக அவர் மனைவி பழனியம்மா வெளியே வந்தாள். கொறற்றியைக் கண்டதும் அவள் முகத்தில் வரவேற்பு இல்லை.

“சேட்டுத்தானே? சேட்டும் இல்ல, மனுசனும் இல்ல,” என்றாள். “வந்து பொதியப் பிரிச்சாரு. பைக்குள்ள அந்த அட்டையப் பாத்தாரு. பாத்த ஒடன மூஞ்சி வெளுத்துப் போச்சி. ஐயா எங்கயாச்சும் மாட்டிக்கிடுவாரு, இப்பவே குடுத்துட்டு வந்துடுறேன்னு வண்டியத் தள்ளிக்கிட்டுப் போனவருதான். பத்து மணிக்குப் போனவரு. இன்னும் காணோம்.”

“பத்து மணிக்கோ?”

“அடுத்தவன் அட்டையோட புடிச்சாங்கன்னா என்னா ஆகும்னு தெரியுமாம்மா ஒங்களுக்கு? அவருக்கே தோட்டத்துக் காயிதத்த வச்சித்தான் பதிஞ்சி குடுத்திருக்காங்க. எனக்கு மூணு புள்ளைங்க.” பழனியம்மாவின் குரல் உடைந்தது. “குடுக்கிறவங்க பாத்துக் குடுக்கக்கூடாதா?”

இத்தனை வருடம் கொடுத்த கொறற்றிக்கு இப்படி ஒரு வார்த்தை விழுந்தது அதுதான் முதல் தடவை. சுள்ளென்று பட்டது. பட்டாலும், பழனியம்மா சொன்னதில் ஒரு சொல்கூடப் பிழையில்லை. நல்ல சேட்டைக் கொடுக்கிறோம் என்ற பெருமையில் பொக்கற்றைத் தடவிப் பார்க்காமல் விட்டவள் அவள்தான். ஒரு சேட்டால் இரண்டு வீட்டு ஆண்களைத் தடைக்கு அனுப்பிவிட்டாள்.

“பழனியம்மா, நான் இப்ப வீட்டை போய்ப் பாக்கிறன். அவர் அங்கை நிண்டால் உடனே அனுப்பிவிடுறன்.”

“நிக்காட்டி?”

கொறற்றி மறுபடி திரீவீலரில் ஏறினாள். மணி ஒன்று பத்து.

மட்டக்குளியிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு வருகிற வழியெல்லாம் அவள் கண் தள்ளுவண்டியைத் தேடியது. தடையைக் கடக்கும்போது ஓரத்தில் நிற்கிறதா, சாக்கடைப் பக்கம் கவிழ்ந்து கிடக்கிறதா என்று பார்த்தாள். மாதாவே, மாதாவே என்பதைத் தவிர வேறு செபம் வரவில்லை. அந்த நேரத்தில் டிலானியைப் பற்றி நினைக்கக்கூடாது என்று பிடிவாதமாக இருந்தாள். என்ன பிரயோசனம்? விரல்களைப் பிடித்த அந்தச் சின்னக் கைகள்தான் கண்ணுக்குள் நின்றன.

ஒழுங்கைக்குள் திரும்பியதும் றொஷான் கத்தினான். “அம்மா, ராமையா மாமா!”

பூட்டிய கதவுக்கு முன்னால், தள்ளுவண்டிக்குப் பக்கத்தில், படிக்கட்டில் குந்தியிருந்தார் ராமையா. கண்டதும் எழும்பினார்.

“அம்மா! நீங்க வெளிக்கிட்டுப் போயி அஞ்சு நிமிசத்துலதான் வந்தேன்னு பக்கத்து ஊட்டுத் தம்பி சொல்லிச்சி. திரும்பிப் போகப் பயமாப் போச்சி. ஒரு தடவ தாண்டி வந்ததே பெரிய காரியம். ஐயா வராம எந்திரிக்கிறதில்லேன்னு குந்திட்டேன்.”

“எங்கை? அட்டை எங்கை?”

ராமையா வண்டியிலிருந்த முட்டைக்கோவாக்களைப் புரட்டினார். ஒன்றை எடுத்தார். வாழைநாரால் சுற்றிக் கட்டியிருந்தது. நாரை அறுத்து, வெளி இலை ஒன்றை உரித்தார், இன்னொன்றை உரித்தார். மூன்றாவது இலைக்குள் பிளாஸ்ரிக் உறை இருந்தது.

“மூட்டைய எல்லாம் கம்பியால குத்திப் பாத்தானுங்கம்மா,” என்றார். “கோவாவ உரிச்சா பாக்கப்போறானுங்க?”

சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார். கொறற்றிக்கு அவர் காலில் விழவேண்டும் போலிருந்தது. நேரமில்லை. “பழனியம்மா பயந்து போயிருக்கிறா. உடனே வீட்டை போங்கோ,” என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடி ஏறினாள். மணி ஒன்றரை தாண்டிவிட்டது. ஸவாஹிர் வண்டியைத் திருப்பி வைத்துக்கொண்டு நின்றார்.

நத்தார் அன்று கொழும்பு றோட்டில் அவ்வளவு வாகனம் எங்கிருந்துதான் வந்ததோ! புறக்கோட்டையில் வண்டி அசையவில்லை. கொறற்றி உறையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்திருந்தாள். உள்ளே புருஷனின் படம் மங்கலாகத் தெரிந்தது. இரண்டு மணி அடித்தபோது அவர்கள் கோட்டையைக்கூடத் தாண்டவில்லை. ஸவாஹிர் கை மணிக்கூட்டைத் திருப்பி உள்ளங்கைப் பக்கம் போட்டுக்கொண்டார். “பாக்க வேணாம், போவோம்,” என்றார்.

தடைக்கு வந்து இறங்கியபோது இரண்டு இருபத்தைந்து.

வாங்கு வெறுமையாக இருந்தது.

நாலு பேரும் இல்லை. சூசைதாசன் இல்லை. டிலானி இல்லை. வாங்குக்குக் கீழே அந்தப் பரிசுப் பொதி மட்டும் கிடந்தது. பிள்ளையையுமா ஏற்றிவிட்டார்கள்? ஐயோ, தகப்பனைக் காப்பாற்றப் பிள்ளையை நிறுத்தினேனே, இரண்டையும் கொடுத்துவிட்டேனே என்று அவள் நெஞ்சில் அடித்துக்கொண்ட சத்தம் கேட்டு, கியூவில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“அம்மா, அங்கை!” றொஷான் அவள் சீலையைப் பிடித்து இழுத்தான்.

மண்மூட்டைகளுக்குப் பின்னால், தகரக் கூரையின் கீழே, சூசைதாசன் நின்றான். அவன் கையைப் பிடித்துக்கொண்டு டிலானி நின்றாள்.

கொறற்றி சார்ஜன்டிடம் உறையை நீட்டினாள். அவர் அட்டையைப் பார்த்தார். ஆளைப் பார்த்தார். அட்டையைத் திருப்பிப் பார்த்தார். பொலிஸ் துண்டை விரித்து, வீட்டு இலக்கம் என்ன என்று கேட்டார். எப்போது பதிந்தது என்று கேட்டார். மறுபடி ஆளைப் பார்த்தார். பிறகு கொப்பியில் எழுதினார், மிக ஆறுதலாக, ஒரு அவசரமும் இல்லாமல் எழுதினார்.

“லொறி வந்தது,” என்றார், எழுதிக்கொண்டே. “ஏற்றத்தான் பார்த்தோம். இந்தப் பிள்ளை கையை விடவில்லை. நான் இழுத்துப் பார்த்தேன். ஊரே கேட்கக் கத்தியது. பிள்ளையையும் சேர்த்து லொறியில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. எனக்கும் வீட்டில் ஒன்று இருக்கிறது. நாலு மணி லொறியில் பார்க்கலாம் என்று விட்டேன்.” அவர் பேனையை மூடிவிட்டுக் கொறற்றியை நிமிர்ந்து பார்த்தார். “நீங்கள் பிள்ளையை இங்கே விட்டுப் போயிருக்கக்கூடாது.”

கொறற்றி தலையைக் குனிந்துகொண்டாள்.

“போங்கள்,” என்றார்.

ஸவாஹிருக்குக் கேக்கை வெட்டக்கூட நேரம் பார்க்காமல் பெட்டியோடு கொடுத்தாள் கொறற்றி. நமசிவாயத்தார் வீட்டுச் சாப்பாட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. காலிமுகத்திடலைப் பற்றி றொஷானும் கேட்கவில்லை. றோட்டைக் கடந்து மறுபக்கம் வந்து, கொட்டாஞ்சேனைப் பக்கம் போகிற பஸ்ஸுக்கு நின்றார்கள். அப்போதுதான் கொறற்றி மகளைச் சரியாகப் பார்த்தாள். மூன்று அடுக்குச் சுருக்கும் கீழே நனைந்து காலோடு ஒட்டிக் கிடந்தது. வெள்ளைச் சொக்ஸ் மஞ்சளாக இருந்தது.

“என்னப்பா இது?”

சூசைதாசன் மகளைக் குனிந்து பார்த்துக்கொண்டு சொன்னான்.

“சூசூ வருகுது எண்டாள். ஒரு பொலிஸ் பொம்பிளை வந்தவ, கூட்டிக்கொண்டு போறன் எண்டு. நல்ல பொம்பிளை. நானும் போ மகள் எண்டு சொல்லிப் பாத்தன். அம்மா வந்து சொன்னால்தான் விடுவன் எண்டிட்டாள். ரொபி இனிப்புக் குடுத்தினம், அதுக்கும் கையை எடுக்கேல்லை. நான்தான் உரிச்சு வாயிலை வைச்சனான்.”

கொறற்றிக்கு அந்தப் பட்டப்பகலில் றோட்டோரத்தில் குந்தி ஓவென்று அழவேண்டும் போலிருந்தது. பஸ் வந்துவிட்டது. ஏறினார்கள். சூசைதாசனின் ஒரு கையில் பிளாஸ்ரிக் உறை. வைக்கப் பொக்கற் இல்லை. மற்றக் கையின் இரண்டு விரல்களையும் டிலானி பிடித்திருந்தாள். விரல் நுனி சிவந்து வீங்கியிருந்தது. கொறற்றி பிள்ளையை மடியில் தூக்கி, ஈரச் சட்டையோடு நெஞ்சில் சாய்த்துக்கொண்டாள். அப்போதும் கை விடுபடவில்லை.

“என்ட ராசாத்தி,” என்றாள். அதற்குமேல் வார்த்தை வரவில்லை.

டிலானி நிமிர்ந்து பார்த்தாள். களைப்பில் கண் சொருகிக்கொண்டு வந்தது. ஆனாலும் சொன்ன வேலையை முடிக்காமல் தூங்கக்கூடாது என்று நினைத்தாள் போலும்.

“அம்மா, இனி விடலாமோ?”

விடு கண்ணே என்று சொல்லத்தான் கொறற்றி வாயெடுத்தாள். பஸ் மெதுவாகி நின்றது. முன்னால் மண்மூட்டைகளும் இன்னொரு வரிசையும் தெரிந்தன. எல்லோரும் இறங்குங்கள் என்று கொண்டக்டர் சிங்களத்தில் சத்தம் போட்டான்.

கொறற்றி சூசைதாசனைப் பார்த்தாள். அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

“இன்னும் கொஞ்சம், குஞ்சு,” என்றாள். “இன்னும் கொஞ்ச நேரம் பிடிச்சிருங்கோ.”

டிலானி தலையாட்டிவிட்டு, நழுவத் தொடங்கியிருந்த பிடியை மறுபடி இறுக்கிக்கொண்டாள்.